ஆட்டத்துக்கு முன் ஆட்டுக்கடை

கேள்வி — மே 6

அடுத்த வாரம் அலுவலக வேலையாக சிகாகோ வருகிறேன். வெள்ளிக்கிழமை மதியம் 1.20-க்கு ரிக்லி ஃபீல்டில் கப்ஸ் அணியின் ஆட்டம், டிக்கெட் வாங்கிவிட்டேன். பேஸ்பால் எனக்குப் புதிது. ஆட்டத்துக்கு முன் நகர மையத்தில் இருக்கும் பில்லி கோட் டேவர்ன் என்ற, பர்கரும் மதுவும் விற்கும் கடைக்குக் கட்டாயம் போகவேண்டும் என்று உடன் வேலை செய்கிறவர் சொல்கிறார். இன்னொருவர், அது சுற்றுலாப் பயணிகளுக்கான இடம், மைதானத்தைச் சுற்றிலும் கடைகள் கொட்டிக் கிடக்கின்றன, அங்கே போய்விடு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை.

மே 6, இரவு 9.40

இரண்டாவது ஆள் சொல்வதைக் கேளுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவருக்கு அங்கே என்ன வேலை? நேராக ஆடிசன் ரயில் நிலையத்தில் இறங்குங்கள். மைதானம் கண் எதிரே நிற்கும். பிடித்த கடையில் நுழையுங்கள். பதினாறு வருடமாகச் சிகாகோவின் புறநகரான நேப்பர்வில்லில் இருக்கிறேன். உள்ளூர்க்காரர் யாரும் பில்லி கோட்டுக்கு வேலை மெனக்கெட்டுப் போய் நான் பார்த்ததில்லை.

மே 6, இரவு 11.05

படுக்கப் போய்விட்டுத் திரும்பி வந்து எழுதுகிறேன். மேலே எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. உள்ளூர்க்காரர் யாரும் போவதில்லை என்றேன். நானே ஏழெட்டு முறை போயிருக்கிறேன். கடைசியாகப் போனது போன மாதம். யாரையும் அழைத்துப் போகவில்லை, தனியாகத்தான் போனேன். ஆகவே மேலே உள்ளதை அழிக்காமல் விடுகிறேன், ஆனால் நம்பாதீர்கள்.

ஏன் போகிறேன் என்று யோசித்துப் பார்த்துவிட்டு நாளை எழுதுகிறேன்.

மே 7, காலை 7.20, ரயிலில்

முதலில் வழி. மிச்சிகன் அவென்யூவில் நின்றுகொண்டு 430 என்ற எண்ணைத் தேடினால் டேவர்ன் கிடைக்காது. அந்தத் தெரு இரண்டு அடுக்கு. 1920-இல் ஆற்றின் மேல் பாலம் வந்தபோது தெருவையே தூக்கி மேலே வைத்துவிட்டார்கள். மேலே கண்ணாடிக் கடைகள், பூந்தொட்டிகள், கைகோத்து நடக்கும் ஜோடிகள். கீழே சரக்கு லாரிகள், குப்பைத் தொட்டிகள், சொட்டும் தண்ணீர். நடைபாதையிலிருந்து ஒரு படிக்கட்டு கீழே இறங்கும். அதில் இறங்கவேண்டும். உச்சி வெயில் அடிக்கும் பகல் பன்னிரண்டு மணிக்கும் அங்கே விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

முதல் முறை நான் போனபோது கைப்பேசி வரைபடம் 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்று மூன்று முறை சொன்னது. நான் நின்றது ஒரு நகைக்கடை வாசலில். கடைசியில் அஞ்சல் வண்டிக்காரர் ஒருவர் விரலைத் தரையை நோக்கி நீட்டினார். திட்டுகிறாரோ என்று நினைத்துவிட்டேன்.

ரயில் யூனியன் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டது. மீதி பிறகு.

மே 7, மதியம் 12.50

விட்ட இடத்திலிருந்து. அந்தக் கடை இருக்கும் இடமே ஒரு கதை. மேலே ஏறிப் பார்த்தால், இந்தப் பக்கம் ரிக்லி பில்டிங், எதிர்ப்பக்கம் டிரிபியூன் டவர். ரிக்லி என்றால் சூயிங்கம் ரிக்லி. கப்ஸ் அணி அந்தக் குடும்பத்தின் கையில்தான் 1981 வரை இருந்தது. விற்றார்கள். யாருக்கு? பத்திரிகை நடத்தும் டிரிபியூன் நிறுவனத்துக்கு. தெருவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு பேஸ்பால் அணி கை மாறியது. இரண்டு முதலாளிகளின் காலடியில், சுரங்கம் மாதிரி ஒரு இடத்தில், அந்த அணி தோற்கவேண்டும் என்று சாபம் விட்டவரின் கடை.

சாபம் இதுதான். கடையை ஆரம்பித்தவர் வில்லியம் சியானிஸ், கிரேக்கத்திலிருந்து வந்தவர். 1934-இல் 205 டாலருக்கு ஒரு டேவர்னை வாங்கினார். கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பிவிட்டது. முதல் வாரக் கடைசியில் வந்த வசூலில் அதைத் தீர்த்தார் என்று கடைக்காரர்களே பெருமையாகச் சொல்வார்கள். லாரியிலிருந்து விழுந்த ஒரு ஆட்டுக்குட்டி கடைக்குள் நுழைந்தது. அவர் அதை வளர்த்தார், தாமும் ஆட்டுத்தாடி வைத்துக்கொண்டார், கடையின் பெயரையும் பில்லி கோட், அதாவது வெள்ளாட்டுக் கிடா, என்று மாற்றிவிட்டார். 1945 அக்டோபர் 6 அன்று, பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் நான்காவது ஆட்டத்துக்கு இந்தப் படிக்கட்டில் ஆட்டை ஏற்றிக் கூட்டிக்கொண்டு ரிக்லி ஃபீல்டுக்குப் போனார். தமக்கு ஒரு டிக்கெட், ஆட்டுக்கு ஒரு டிக்கெட். ஆடு நாறுகிறது என்று சொல்லி வாசலிலேயே விரட்டிவிட்டார்கள். 'இனி கப்ஸ் ஜெயிக்காது' என்று சொல்லிவிட்டு வந்தார். ஜெயிக்கவில்லை. உலகத் தொடரை, 2016 வரைக்கும்.

மே 7, இரவு 8.30

மேலே எழுதியதில் இரண்டு தப்பு. ஒன்றை ஒருவர் தனிச்செய்தியில் சொன்னார், ஒன்றை நானே கண்டுபிடித்தேன்.

நான் கண்டுபிடித்தது: 'இந்தப் படிக்கட்டில் ஆட்டை ஏற்றி' என்று அழகாக எழுதியிருக்கிறேன். நடக்கவே முடியாது. கடை இந்த இடத்துக்கு வந்தது 1964-இல். 1945-இல் அது மேற்கே மேடிசன் தெருவில், சிகாகோ ஸ்டேடியத்துக்கு எதிரே இருந்தது. ஆடு இந்தப் படிக்கட்டைக் கண்ணால்கூடப் பார்த்திராது. கதை சொல்லும் சுகத்தில் ஆட்டைப் படியேற்றிவிட்டேன்.

அவர் சொன்னது: வாசலில் விரட்டவில்லை. ஆடு உள்ளே போனது, மைதானத்தில் ஒரு சுற்றுகூட வந்தது, பிறகுதான் வெளியேற்றினார்கள் என்று ஒரு வடிவம் இருக்கிறது. வாசலிலேயே நிறுத்தினார்கள் என்பது இன்னொரு வடிவம். நம் ஊர்த் தலபுராணம் மாதிரிதான், பூசாரிக்கு ஒன்று, தர்மகர்த்தாவுக்கு ஒன்று. ஆட்டுக்கு டிக்கெட் இருந்தது, ஆடு வெளியே போனது, இந்த இரண்டிலும் யாருக்கும் சண்டை இல்லை.

ஆனால் முதல் தப்பைத் திருத்தும்போது ஒன்று தோன்றியது. மேடிசன் தெருக் கடைக்கு எதிரே இருந்தது ஐஸ் ஹாக்கி ஆடும் ஸ்டேடியம். அப்படியானால் இந்த டேவர்ன் பிறந்ததே ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் வந்து போகிறவர்களுக்காகத்தான். நகர மையத்துக்கு வந்தபின் பத்திரிகைக்காரர்கள் கடையாக மாறியது. நீங்கள் கேட்ட 'ஆட்டத்துக்கு முன் போகலாமா' என்பது அதன் பழைய தொழிலைத்தான் கேட்பது. என் முதல் பதிலை இன்னும் ஒருமுறை வாபஸ் வாங்குகிறேன்.

மே 8, காலை 6.55

மாட்டிறைச்சி விஷயம். அப்பா வந்திருந்தபோது அவரை அங்கே அழைத்துப் போனேன். எங்களுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம். சந்தையில் ஆட்டைப் பார்த்த மாத்திரத்தில், தூக்கிப் பார்க்காமலே, எடை சொல்கிற மனிதர். ஆட்டின் பெயரில் கடை என்றதும் முகம் மலர்ந்தது. படியில் இறங்கினார், பலகையில் வரைந்திருந்த ஆட்டை நிமிர்ந்து பார்த்தார். 'கொடி ஆடு இல்லை, இது வேறு' என்றார். உள்ளே போய் உட்கார்ந்தோம். பட்டியலைப் படித்துச் சொன்னேன்.

'ஆட்டுக்கறி இல்லையா?'

'இல்லை அப்பா. மாடுதான்.'

'ஆட்டின் பெயரை வைத்துக்கொண்டு மாட்டை விற்கிறார்களா? இதைத்தான் நம் ஊரில் வேறு மாதிரி சொல்வார்கள்.' எப்படிச் சொல்வார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

கடைசியில் ரொட்டிக்கு நடுவே வெறும் சீஸ் வைத்துத் தரமுடியுமா என்று கேட்டேன். கல்லுக்கு முன் நின்றவர் என்னை ஒரு நொடி பார்த்தார், மறுபேச்சில்லாமல் வைத்துக் கொடுத்தார். கூட ஒரு பாக்கெட் சிப்ஸ். ஃபிரெஞ்ச் ஃபிரைஸ் கிடையாது, சிப்ஸ்தான். இது கடையின் சட்டம். 1978-இல் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் இந்தக் கடையை வைத்து ஒரு நகைச்சுவைக் காட்சி போட்டார்கள். சீஸ்பர்கர் தவிர எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லும் கிரேக்கக் கடைக்காரராக ஜான் பெலூஷி நடித்தார். அதிலிருந்து சுற்றுலாக் கூட்டம். ஒரு வேடிக்கை, காட்சியில் கோக் இல்லை, பெப்சிதான் என்பார்கள். நிஜக் கடையில் பெப்சி இல்லை, கோக்தான். ஒற்றை பர்கர் கேட்டால் இரட்டை வாங்கு என்று சத்தம் போடுவார்கள். கோபம் இல்லை, அது வழக்கம். அதட்டலை உபசாரமாக எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு அங்கே சிரமமே இல்லை.

அப்பாவிடம் ஊறுகாய் இருக்கிறது, நாமே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். அது என் பிழை. உப்புத் தண்ணீரில் போட்ட வெள்ளரிக்காயை வாயில் வைத்தவர் அரை நிமிடம் எதுவும் பேசவில்லை. பிறகு, 'காரம் போட மறந்துவிட்டார்கள்' என்றார். நாலைந்து துண்டு தின்றார், அது வேறு விஷயம்.

மே 8, காலை 7.40

முக்கியமானதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சாபக் கதையை அப்பாவுக்கு அங்கே உட்கார்ந்துதான் சொன்னேன். கவனமாகக் கேட்டார். 'எல்லாம் சரி, ஆட்டின் உத்தரவைக் கேட்டார்களா?' என்றார். எங்கள் ஊர்க் கருப்பன் கோயிலில் கிடா வெட்டுவதற்கு முன் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பை உலுக்கினால்தான் சம்மதம். உலுக்கவில்லையென்றால் மொத்த ஊரும் வெயிலில் காத்திருக்கும். 'ஒரு சொம்புத் தண்ணீர் தெளித்திருந்தால் எழுபத்தொரு வருடம் மிச்சமாகியிருக்கும்' என்றார்.

பக்கத்து மேசையில் நீலத் தொப்பி போட்ட ஒரு முதியவர், என்ன சொல்கிறார் என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, 'ஒருவரும் இதைச் சொல்லவே இல்லையே' என்றார். அப்புறம் இரண்டு பேரும் மொழியே இல்லாமல் கால் மணி நேரம் பேசினார்கள். நான் எங்கே நுழைவது என்று தெரியாமல் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தேன்.

மே 8, இரவு 10.20

ஒருவர் எழுதியிருக்கிறார்: 'ஆட்டுச் சாபத்தை நம்புகிறீர்களா, இதைப் பரப்பலாமா?' நம்பவில்லை ஐயா. ஆனால் நம்பாதவர்களின் தலைவரே அந்தக் கடையின் மிகப் புகழ்பெற்ற வாடிக்கையாளர்தான்.

மைக் ராய்கோ. சிகாகோவின் பத்திப் பத்திரிகையாளர், 1972-இல் புலிட்சர் பரிசு பெற்றவர். எழுதி முடித்துவிட்டு இறங்கி வருவது இந்த டேவர்னுக்குத்தான். சுவரில் அவர் சம்பந்தப்பட்ட பழைய தாள்கள் சட்டமிட்டு மாட்டியிருக்கின்றன. 1997 மார்ச்சில் அவர் எழுதிய கடைசிப் பத்தி கப்ஸ் பற்றியது. அணியைச் சபித்தது ஆடு இல்லை, முதலாளி ரிக்லிதான் என்றார். காரணம் எளிது. 1947-இல் கறுப்பினரான ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணியில் ஆட வந்தபின், மற்ற அணிகள் ஒவ்வொன்றாகக் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்த்தன. ஆளுக்கு ஏங்கிக்கொண்டிருந்த கப்ஸ் 1953 செப்டம்பர் வரை ஒருவரையும் களத்தில் இறக்கவில்லை. திறமை கண்ணெதிரே இருந்தது, தோலைப் பார்த்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்படி முதலில் வந்த எர்னி பேங்க்ஸ் 512 ஹோம் ரன் அடித்தார், ஒரே ஒரு உலகத் தொடர்கூட ஆடாமல் ஓய்வு பெற்றார். 2015 ஜனவரியில் இறந்தார். அடுத்த ஆண்டு கப்ஸ் ஜெயித்தது.

அந்தப் பத்தி வந்து ஒரு மாதம் கழித்து ராய்கோவும் போய்விட்டார்.

ஆகவே அங்கே உட்கார்ந்து சுவரைப் பார்க்கும்போது இரண்டு கதையையும் சேர்த்துப் பாருங்கள். ஆட்டுக்கதை சிரிக்க நன்றாக இருக்கிறது. ஒரு முதலாளி செய்த அநியாயத்தை வசதியாக ஒரு வாயில்லாப் பிராணியின் தலையில் கட்டிவிடவும் அது உதவியிருக்கிறது. இதை அப்பாவிடம் சொல்லியிருக்கவேண்டும். அன்று எனக்கே தெரியாது, பிறகுதான் படித்தேன்.

மே 9, காலை 7.15

கேட்காத கேள்விக்குப் பதில்: மலார்ட். உங்கள் நண்பர்கள் யாராவது ஒருவர் சிறு கோப்பையில் ஊற்றி உங்கள் முன் வைக்கத்தான் போகிறார். சிகாகோவின் கசப்புச் சாராயம், ஸ்வீடனிலிருந்து வந்தவர் கொண்டுவந்தது, மதுவிலக்குக் காலத்தில் மருந்து என்று சொல்லி விற்கப்பட்டது. இங்கே உள்ளவர்கள் புதியவரின் முகம் கோணுவதைப் பார்க்கவே வாங்கிக் கொடுப்பார்கள். சிறு வயதில் நிலவேம்புக் கஷாயம் குடித்து வளர்ந்த எவரையும் இது ஒன்றும் செய்யாது. நான் முகம் மாறாமல் குடித்ததில் அலுவலகத்தில் ஒரு வருடம் மரியாதை கிடைத்தது. அதன்பின் தொட்டதில்லை. நான் பொதுவாகக் குடிப்பதில்லை. டேவர்னில் கோக் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் ஒரு மாதிரி பார்ப்பதில்லை.

மைதானத்தில் ஹாட் டாக் வாங்கினால் தக்காளி சாஸ் கேட்காதீர்கள். ஏன் என்று விளக்க ஆரம்பித்தால் இழை முடியாது. கடுகுச் சாந்து போதும். உங்களுக்கு மாட்டிறைச்சி ஆகாதென்றால் ஹாட் டாக்கும் கூடாது, இங்கே அது பெரும்பாலும் மாடுதான். வேர்க்கடலை வாங்குங்கள். தோலைக் காலடியிலேயே போடலாம், எங்கள் ஊர்க் கூத்துக் கொட்டகை ஞாபகம் வரும்.

மே 9, மதியம் 1.05

நேரக் கணக்கு. இந்த நகரத்தில் முகவரி எண் 800 கூடினால் ஒரு மைல். டேவர்ன் 430. ரிக்லி ஃபீல்டுக்குப் பக்கத்தில் ஓடும் ஆடிசன் தெரு வடக்கே 3600. கழித்து வகுத்தால் ஏறக்குறைய நான்கு மைல். கணக்கர் புத்தி, மன்னியுங்கள்.

1.20 ஆட்டத்துக்குப் பத்தரைக்கு டேவர்னில் இருங்கள். காலையிலேயே திறந்துவிடுவார்கள். பதினொன்றே முக்காலுக்கு எழுந்துவிடுங்கள். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே என்று தோன்றும், அப்போதுதான் எழவேண்டும். மேலே வராமல் கீழ்த்தெரு வழியாக நடக்காதீர்கள், திசை தெரியாது. படியேறி வெளிச்சத்துக்கு வாருங்கள், மேற்கே ஸ்டேட் தெருவரை நடந்தால் கிராண்ட் நிலையம். ரெட் லைன். ஹோவர்ட் என்று எழுதியிருக்கும் வண்டி. ஆறாவது நிறுத்தம் ஆடிசன்.

அந்த ரயில் பயணத்தையும் சேர்த்துத்தான் டேவர்னுக்குப் போகச் சொல்கிறேன். கிராண்டில் நிலத்துக்கு அடியில் ஏறுவீர்கள். பெட்டியில் கப்ஸ் ரசிகர்களின் நாலைந்து நீலச் சட்டை. அடுத்த நிறுத்தத்தில் இன்னும் பத்து. ஃபுல்லர்டனுக்கு முன்னால் வண்டி இருட்டைவிட்டு மேலேறி, வீடுகளின் பின்பக்க மரப்படிகளுக்கு நடுவே வெயிலில் ஓடும். அதற்குள் பெட்டி முழுக்க நீலம். கீழ்த்தெரு இருட்டில் ஆரம்பித்து, சுரங்கத்தில் ஓடி, திடீரென்று ஆகாயத்துக்கு வந்து, படியேறினால் பச்சைப் புல். மைதானத்துக்குப் பக்கத்திலேயே சாப்பிட்டால் இது கிடைக்காது. இதற்காகத்தான் நான் போகிறேன் என்று நினைக்கிறேன். மூன்று நாள் கழித்து விடை கிடைத்தது.

மே 9, மதியம் 1.30

ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் என்று ஏமாறாதீர்கள். கூரைக்கு அடியில் நிழலில் இடம் வந்தால் ஏரிக்காற்று எலும்பைத் தேடும். டிக்கெட்டில் தூண் மறைக்கும் இடம் என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 1914-இல் கட்டியது, தூண்கள் நிஜத் தூண்கள்.

மே 10, இரவு 9.50

'ஜெயித்துவிட்டார்களே, இனி அந்தக் கடைக்கு என்ன சுவாரசியம்' என்று ஒருவர். நியாயமான கேள்வி. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

2016-ஐப் பற்றிக் கொஞ்சம். ஏழு ஆட்டத் தொடரில் 3-1 என்று பின்தங்கியிருந்தார்கள். ஆறாவது வரை சமாளித்து ஏழாவதுக்கு வந்தார்கள், கிளீவ்லேண்டில். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்து சமன். அப்போது மழை. 17 நிமிடம் ஆட்டம் நின்றது. நான் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால். எழுந்தால் ராசி கெடும் என்று மனைவி உட்கார வைத்திருந்தாள். பேஸ்பால் விதி பாதிகூட அவளுக்குத் தெரியாது, ராசி தெரியும். பத்தாவது இன்னிங்ஸில் 8-7. கடைசியாக ஜெயித்து 108 வருடம் கழித்து.

இன்னொன்று: கப்ஸ் அந்த உலகத் தொடருக்குத் தகுதி பெற்ற நாள் அக்டோபர் 22. சாபம் விட்ட சியானிஸ் 1970-இல் இறந்ததும் அக்டோபர் 22. சாபத்தை நம்பவில்லை என்று இரண்டு நாளுக்கு முன் எழுதினேன். இன்னும் நம்பவில்லை. சும்மா சொல்லிவைக்கிறேன்.

அந்த வாரம் ரிக்லி ஃபீல்டின் வெளிச்சுவரில் ஜனங்கள் சாக்கட்டியால் பெயர் எழுத ஆரம்பித்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். ஆட்டக்காரர்களின் பெயர்கள் என்று நினைத்துப் போனேன். பெரும்பாலும் இல்லை. செத்துப்போனவர்களின் பெயர்கள். அப்பா, தாத்தா, பாட்டி, பக்கத்து வீட்டுக்காரர். பிறந்த வருடம், இறந்த வருடம். செங்கல் தெரியாத அளவுக்கு. எட்டாத உயரத்தில் எழுத ஏணி கொண்டுவந்தவர்கள் இருந்தார்கள். ஒரு பெண் ஒரு பெயரை எழுதி முடித்துவிட்டு, சாக்கட்டித் துண்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கு எழுத அங்கே யாரும் இல்லை. அடுத்து நின்றவரிடம் கொடுத்தேன்.

அந்தச் சுவரைப் பார்த்தபின் டேவர்ன் சுவர் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. மேலே டிரிபியூன் டவரில் இப்போது பத்திரிகை இல்லை. 2018-இல் காலி செய்துவிட்டார்கள், அடுக்குமாடி வீடுகள் ஆகிவிட்டன. ஆற்றோரம் சன்-டைம்ஸ் பத்திரிகைக் கட்டடம் இருந்த இடத்தில் டிரம்ப் டவர் நிற்கிறது. அச்சு மையோடு இறங்கி வந்தவர்கள் ஒருவரும் இல்லை. அவர்கள் பெயர்கள் கீழே சட்டத்துக்குள் இருக்கின்றன, எண்ணெய்ப் புகை படிந்து.

மே 10, இரவு 10.30

கொஞ்சம் கனமாகிவிட்டது. செயின்ட் லூயிஸ் அணியோடு ஆட்டமா என்று நீங்கள் சொல்லவே இல்லை. அப்படியென்றால் சிவப்புச் சட்டை போடாதீர்கள், அது அவர்கள் நிறம். பெட்டியில் இருக்கிற ஒரே சிவப்பு நீங்களாக இருந்தால் என்னிடம் வந்து குறை சொல்லக்கூடாது.

மே 17, இரவு 8.15

கேட்டவர் மேலே எழுதியதைப் படித்தேன். சுருக்கம்: டேவர்னுக்குப் போனார். சீஸ் ரொட்டி கேட்டார், கிடைத்தது. ஊறுகாயில் ஏமாறவில்லை, என்னைத்தான் நினைத்தாராம். பதினொன்றே முக்காலுக்கு எழவில்லை. பன்னிரண்டரைக்கு எழுந்தார். ஓடினார். கிராண்ட் நிலையத்தில் முதலில் வந்த ரெட் லைன் வண்டியில் ஏறினார். பெட்டியில் ஒரு நீலச் சட்டைகூட இல்லையே என்ற சந்தேகம் சைனாடவுன் வந்த பிறகுதான் வந்திருக்கிறது.

ஹோவர்ட் என்று எழுதியிருக்கும் வண்டி என்றேன். கொட்டை எழுத்தில் இருக்கும். சரி, மூன்றாவது இன்னிங்ஸில் போய்ச் சேர்ந்தாராம், கப்ஸ் ஜெயித்ததாம், வெள்ளைக் கொடியில் வெற்றியைக் குறிக்கும் நீல 'டபிள்யூ' ஏறியதைப் படம் எடுத்திருக்கிறார். நல்ல படம். ரயிலில் போகிறவர்களும் முடிவைத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் அந்தக் கொடி ஏற்றும் வழக்கமே. அதே ரயிலில்தான் நீங்கள் தெற்கே போய்க்கொண்டிருந்தீர்கள்.

மே 17, இரவு 8.40

நானும் 2009-இல் அதே நிலையத்தில் அதே தப்பைச் செய்தேன் என்பதைச் சொல்லவேண்டுமா என்று யோசித்தேன். சொல்லிவிட்டேன்.

மே 18, காலை 7.10

இன்னும் ஒரு நிறுத்தம் சும்மா உட்கார்ந்திருந்தால் சாக்ஸ்-35 நிலையம் வந்திருக்கும். அங்கேயும் ஒரு மைதானம் இருக்கிறது, அங்கேயும் ஒரு அணி ஆடுகிறது. 2005-இல் உலகத் தொடரை ஜெயித்தும்விட்டார்கள், எந்த ஆட்டையும் கேட்காமல். ஆனால் ஆட்டத்துக்கு முன் எங்கே சாப்பிடுவது என்று கேட்டால் அது தனி இழை. தெற்குப் பக்கத்துக்காரர் யாராவது ஆரம்பியுங்கள். நான் கருத்துச் சொல்ல வரமாட்டேன் என்று உறுதி கூற முடியாது.